பிரிட்ஜில் சாம்பார் இருக்கிறது

பிப்ரவரி 3, திங்கள்

போன கம்பெனியில் எச்.ஆர். பெண் சொன்னாள்: "ஜெபசிங், கோபம் வந்தா வாயைத் திறக்காதீங்க. எழுதி வைங்க." வாயைத் திறந்ததால்தான் அந்த வேலை போனது. அதனால் எழுதுகிறேன்.

இப்போது வளசரவாக்கத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளன். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்தேன். அதன் மேல் ஒலிப்பதிவும் படித்தேன். இரண்டையும் படித்தவனுக்கு இங்கே கொடுத்த முதல் வேலை, ஏசிக்குக் கீழே வாளி வைப்பது. ஒழுகுகிறது. வாளியில் சொட்டும் சத்தம் மைக்கில் விழுகிறது என்று அதற்குள் ஒரு துண்டைப் போட்டேன். இதுவரை இந்த ஸ்டுடியோவில் என் படிப்பு பயன்பட்டது அந்தத் துண்டுக்குத்தான்.

கையில் இருப்பது ஒரு ஸ்பெயின் நாட்டுத் தொடர். ஆலிவ் எண்ணெய் ஆட்டும் பணக்காரக் குடும்பம். தமிழில் 'செக்கு மாளிகை'. வசனம் எழுதுவது முதலாளி சம்பந்தம் சாரே. அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்து எழுதுகிறார். ஆங்கிலமும் சுமார்தான். அதனால் அந்த ஊரில் எல்லோரும் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்கிறார்கள்.

நாயகி பெயர் கன்சுவேலா. அவளுக்குக் குரல் மனோரஞ்சிதம் அம்மா. எல்லோருக்கும் ரஞ்சிதம்மா. கன்சுவேலாவுக்கு இருபத்தெட்டு வயது. ரஞ்சிதம்மாவுக்கு அறுபது நெருங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இருபத்தெட்டுதான். திறந்தால் மஃப்ளர், ஸ்வெட்டர், ஃபிளாஸ்க்கில் சுக்குத் தண்ணீர்.

உதடும் குரலும் இரண்டு ஃபிரேம் தப்பினாலும் நான் 'ஒன்ஸ் மோர்' கேட்பேன். இது யாருக்கும் பிடிக்கவில்லை. கன்சோலுக்கு மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்: சாஃப்ட்வேர் தப்பு செய்யாது. ஆட்கள்தான் செய்வார்கள்.

பிப்ரவரி 5, புதன்

இன்று கன்சுவேலா செத்தாள். மாமியார் டோன்யா பிலார், ஆலிவ் எண்ணெயில் விஷம் கலந்துவிட்டாள். புருஷன் ரொட்ரிகோ நெஞ்சில் விழுந்து அழ, அவள் நான்கு நிமிடம் சாகிறாள். இவ்வளவு நேரம் பேசத் தெம்பு இருப்பவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம். ரஞ்சிதம்மா ஒரே டேக்கில் செத்தார். ஒரு ஃபிரேம்கூடத் தப்பவில்லை.

"முடிஞ்சிதும்மா. வெளிய வாங்க."

"எழுப்பு டேக் எடுக்கலியேப்பா" என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

"அது என்னது?"

சம்பந்தம் சார் டீ கிளாஸோடு ஓடி வந்தார். டப்பிங்காரர்கள் வழக்கமாம். சாவு காட்சிக்குக் குரல் கொடுத்தவர் மைக்கை விட்டு நகர்வதற்கு முன் சொந்தக் குரலில், உயிரோடு இருக்கிற ஆளாக, ஒரு வரி பேச வேண்டும். அதைப் பதிவும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் குரல் அந்தப் பிணத்தோடேயே தங்கிவிடுமாம். யாரோ ஒரு அம்மா அந்தக் காலத்தில் அவசரமாகக் கிளம்பிப் போய், ஒரு மாதம் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்ததாம்.

"அது தொண்டை அழற்சி சார்."

"அதுக்கு அப்படியும் ஒரு பேரு இருக்கா?"

"செத்தது அவ. இவங்க மைக் முன்னாடி நிக்காங்க. இதுல யாரை எழுப்பணும்ங்கீங்க?"

"ஜெபா, வாய மூடிக்கிட்டு ரெக்கார்டை அமுக்கு."

அமுக்கினேன். ரஞ்சிதம்மா மஃப்ளரைத் தளர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய சொந்தக் குரலை மைக்கில் இன்றுதான் கேட்டேன். தாழ்ந்த குரல். லேசாகக் கரகரப்பு.

"ஏங்க, பிரிட்ஜுல சாம்பார் இருக்கு. சூடு பண்ணிக்குங்க. நான் வர நேரமாவும்."

தனியாக ட்ராக் பதினாறில் போட்டு வைத்தேன். இதற்கு ஒரு ட்ராக் வீண்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ட்ராக் பதினாறை மியூட் செய்யாமல் அனுப்பிவிட்டேன்.

அறையில் தட்டை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கன்சுவேலா கண்ணை மூடினாள். ரொட்ரிகோ கதறினான். பாதிரியார் சிலுவை போட்டார். வயலின் உச்சத்துக்குப் போய் நின்றது. அந்த அமைதியில், தமிழ்நாடு முழுக்க, அவள் சொன்னாள்: "ஏங்க, பிரிட்ஜுல சாம்பார் இருக்கு."

சூடு பண்ணிக்குங்க என்றாள். ரொட்ரிகோ தலையைத் தூக்கிப் பார்த்தான். அது ஸ்பெயின் டைரக்டர் எடுத்தபடிதான். ஆனால் சரியாக அந்த இடத்தில் தூக்கினான்.

சம்பந்தம் சார் தொடர்ந்து போன் செய்துகொண்டிருக்கிறார். எடுக்கவில்லை. எச்.ஆர். பெண் சொன்னபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

வேலை போகும் என்று சார்ஜரைக்கூட எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

ரஞ்சிதம்மா எனக்கு முன்னால் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "நேத்து நான் வூட்டுக்குப் போறப்ப பிரிட்ஜு தொறந்து கெடந்துச்சுப்பா."

"ரொம்ப நேரம் தொறந்து வச்சா கம்ப்ரஸர் போயிரும்மா."

"சாம்பாரே இல்ல. அதைத் தேடியிருக்காரு. ஒவ்வொரு பாத்திரத்தையும் எடுத்து வெளிய வெச்சிருந்தாரு."

"யாரு?"

"எங்க வூட்டுக்காரர்." சிரித்தார். பிறகு மஃப்ளரால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிரிட்ஜ் திறந்து கிடந்ததற்கு யாரும் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பதினோரு மணிக்கு சேனலிலிருந்து அகல்யா மேடம் போன். ஸ்பீக்கரில் போட்டார் சம்பந்தம் சார்.

"மிஸ்டர் சம்பந்தம், அந்த சாம்பார் யார் ஐடியா?"

சார் என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. சாகும்போதுகூட புருஷன் சாப்பாட்டை நினைக்கிறா. எங்க மாமியார் அழுதுட்டாங்க. அவங்க நான் கல்யாணமாகிப் போன நாள்லேர்ந்து எதுக்கும் அழுததில்ல."

"நான்தான் மேடம். ரொம்ப நாளா மனசுல இருந்தது" என்றார் சம்பந்தம் சார்.

மாளிகையின் மாடிப்படியில் கன்சுவேலாவின் பெரிய ஓவியம் ஒன்று மாட்டியிருக்கிறது. இனி அந்தப் படம் திரையில் வரும்போதெல்லாம் அவள் பேச வேண்டுமாம். சேனல் முடிவு.

"செத்தவ எப்படி சார் பேசுவா?" என்றேன் போனை வைத்ததும்.

"உனக்கு வேலை இருக்குல்ல? அப்ப பேசுவா."

பிப்ரவரி 17, திங்கள்

படத்துக்கு முதல் பதிவு. ரஞ்சிதம்மா மைக் முன்னால் நின்றார். திரையில் ஓவியம். சிவப்பு விளக்கு போட்டேன். பேசவில்லை. மறுபடி போட்டேன். பேசவில்லை.

"என்னம்மா?"

"வாயே அசையலியேப்பா. எப்ப ஆரம்பிக்கிறது, எப்ப நிறுத்துறது?"

"நீங்க நினைச்சப்போ ஆரம்பிங்க. நினைச்சப்போ நிறுத்துங்க."

அவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்கிட்ட யாரும் அப்பிடிச் சொன்னதில்ல" என்றார். ஒரு வசதிக்காகச் சொன்னதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார் என்று தெரியவில்லை.

சம்பந்தம் சார் எழுதியிருந்தது: 'ரொட்ரிகோ! என் ஆன்மா இந்தச் சுவர்களில் அலைகிறது.' ரஞ்சிதம்மா தாளை ஒரு முறை பார்த்தார். மடித்து ஃபிளாஸ்க்குக்குக் கீழே வைத்தார். ஓவியத்தை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா? பச்சை அட்டை. சாப்பிட்டப்புறம் ஒண்ணு. டீவி மேல வெச்சிருக்கேன்."

அந்த நேரம் திரையில் ரொட்ரிகோ, கன்சுவேலாவின் தங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மாத்திரை தேவைதான்.

பிப்ரவரி 21, வெள்ளி

இந்த வாரம் ஓவியம் பேசியவை: சிலிண்டர் தீரப்போகிறது, புக் பண்ணணும். மோட்டாரை நிறுத்துங்க, தண்ணி வழியுது. நகத்தை வெட்டுங்க, போர்வையெல்லாம் கிழியுது. மாடியில துணி காயுது, மானம் இருட்டிக்கினு வருது.

கடைசியாகச் சொன்னது ஒளிபரப்பான அன்று சேலத்தில் ஒரு தெருவே மாடிக்கு ஓடித் துணியை எடுத்ததாக அகல்யா மேடம் சொன்னார். மழை பெய்யவில்லை. ஆனாலும் யாரும் சேனலைக் குறை சொல்லவில்லையாம். கோவையில் ஒரு டாக்டர், தன் நோயாளிகள் இப்போது ஒழுங்காக மாத்திரை போடுவதாகவும், அந்தம்மாவைச் சர்க்கரை பற்றியும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லும்படியும் எழுதியிருக்கிறார்.

படித்தவர்கள் இருக்கிற மாநிலம் இது.

மார்ச் 1, சனி

ஸ்பெயின் டைரக்டருக்கு அந்த ஓவியத்தின் மேல் என்ன பைத்தியமோ. டோன்யா பிலார் படிக்கட்டில் உட்கார்ந்து எண்ணெய்ப் பீப்பாய்க் கணக்குப் பார்க்கிறாள், பின்னால் ஓவியம், அசையாத ஒரே ஷாட். நிரப்ப வேண்டும். சம்பந்தம் சார் இப்போதெல்லாம் எழுதுவதில்லை. எப்படியும் தாள் ஃபிளாஸ்க்குக்குக் கீழேதான் போகிறது.

ரஞ்சிதம்மா பேசியதை அப்படியே எழுதுகிறேன். வீணான நேரத்துக்கு ஆதாரம் வேண்டும்.

"ஒம்போது வயசுல எங்கம்மா என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கினு வந்துச்சுங்க. கொழந்தை அழுகைக்கு. நெசக் கொழந்தைங்க சொன்ன நேரத்துக்கு அழாதில்ல? என்னை ஸ்டூல் மேல ஏத்தி நிக்க வெச்சி, அழுன்னுவாங்க. அழுவேன். முடிச்சதும் ஒரு தேங்காய் பன்னு. அப்புறம் கூட்டத்துல 'ஐயோ' சொல்றது. அப்புறம் கதாநாயகியோட தோழி. அப்புறம் கதாநாயகி. கதாநாயகிங்க மாறிக்கினே இருந்தாங்க, நான் மட்டும் இங்கயே நின்னேன். எத்தினி படத்துல பிரசவ வலிக்குக் கத்தியிருக்கேன்! கத்தி முடிச்சதும் பொறந்த கொழந்தையோட அழுகையும் நானே அழுதுடுவேன். ஒரே சம்பளத்துல ரெண்டு வேலைன்னு சிரிப்பாங்க. நம்ம வூட்டுல மட்டும் ரெண்டு சத்தமும் கேக்கல. அதுக்காக நீங்க ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. உங்க அம்மா கேட்டப்ப, வெளிய போங்கம்மான்னு சொன்னீங்க. அதை நெனச்சாவது நான் வாயைத் தொறந்திருக்கணும்."

டோன்யா பிலார் கணக்கை மூடிவிட்டு எழுந்தாள்.

கடைசி வரிக்கு முன்னால் நீளமான மூச்சு ஒன்று விழுந்திருக்கிறது. வெட்ட வேண்டும் என்று குறித்தேன். வெட்டவில்லை. நேரமில்லை.

சம்பந்தம் சார் கதவோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏசித் தண்ணீர் தெறிக்கிறது என்றார். வாளி எதிர்ச் சுவரோரம் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

ரஞ்சிதம்மாவுக்கு ஜலதோஷம். மறுநாள் போக வேண்டிய எபிசோடுக்கு ஒரு வரி பாக்கி. கையடக்க ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு புரசைவாக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். டிராஃபிக். போய்ச் சேர்ந்தபோது எட்டாகச் சில நிமிடங்களே இருந்தன.

ஹாலில் பனியனோடு ஒரு பெரியவர். ஏகாம்பரம். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். "உள்ள வா, உள்ள வா, படியில நிக்காத" என்றார். வீட்டுக்கு வாசற்படியே கிடையாது.

ரஞ்சிதம்மா சமையலறையிலிருந்து வந்து காபியை அவர் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தார். அவர் நிமிரவில்லை. அந்தம்மாவும் பார்க்கவில்லை. சூடாக இருக்கிறது என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

நான் சமையலறைக்குப் போய் ரெக்கார்டரை மாவு டப்பா மேல் வைத்தேன்.

"சண்டையாம்மா?"

"போன ஆடியிலேர்ந்து பேச்சு இல்லப்பா" என்றார், அடைத்த குரலில். "ரிட்டையர் ஆனதுலேர்ந்து சாயங்காலமானா இந்த சீரியல்தான். ஒரு நாள் சொன்னாரு, 'அந்தம்மா ரொட்ரிகோகிட்ட எவ்ளோ ஆசையா பேசுது பாரு, நீயும் இருக்கியே'ன்னு. யோவ், அந்தம்மாவுக்கு நான்தான்யா பேசுறேன்னேன். 'அப்ப எனக்கு யாரு பேசுறது?'ன்னாரு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. யாரும் பேச வாணாம்னு வாய மூடிக்கினேன். அவரும் மூடிக்கினாரு. தீவாளி போச்சு, பொங்கல் போச்சு. யாரு மொதல்ல தொறக்கிறதுன்னே தெரியல."

"இதுல என்னம்மா இருக்கு? ஒரு வார்த்தை."

"சொல்லிடலாம். குரல் எதுன்னு தெரியல. அந்தம்மா குரல்ல சொன்னா நடிக்கிறேன்னுவாரு. என் குரலு, அது எனக்கே பழக்கம் வுட்டுப்போச்சு."

எட்டு மணி. ஹாலில் தொடரின் பாட்டு. சமையலறை விளக்கை அவர் அணைத்துவிட்டு அலமாரியில் சாய்ந்து நின்றார். டீவியில் ஓவியம் சொன்னது: "மாத்திரை போட்டீங்களா?"

ஹாலில் மாத்திரை அட்டை மடங்கும் சத்தம். பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம். ரஞ்சிதம்மா இருட்டில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் ரெக்கார்டர் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. எப்போது அமுக்கினேன் என்று நினைவில்லை.

கிளம்பும்போது ஏகாம்பரம் என்னைக் கூப்பிட்டார். டீவியைக் காட்டி, குரலைத் தாழ்த்தி: "தம்பி, அந்தம்மா செத்துட்டாங்கல்ல? இன்னும் எத்தினி நாளுக்குப் பேசுவாங்க?"

"இந்த மாசக் கடைசியோட சீரியல் முடிஞ்சிரும் சார்."

"அப்புறம்?"

அப்புறம் ஏதோ பாட்டுப் போட்டி வருகிறது என்றேன்.

மார்ச் 12, புதன்

ஸ்பெயினிலிருந்து கடிதம். யாரோ அங்கே தமிழ்ப் பதிப்பைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சம்பந்தம் சார் இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். சாரம் இதுதான்: எங்கள் தொடரில் இறந்தவர்கள் பேசுவதில்லை. இன்றிலிருந்து கன்சுவேலாவின் குரல் எந்த இடத்திலும் வரக்கூடாது. மீறினால் ஒப்பந்தம் ரத்து. பின்குறிப்பு: சாம்பார் என்பது யார்?

பதிவு செய்து வைத்திருந்ததையும் நீக்கச் சொல்லிவிட்டார்கள். நீக்கினேன். ஓவியம் வெறும் ஓவியம் ஆயிற்று.

ஸ்பெயின்காரர்கள் சொல்வது சரிதான். நான் முதல் நாளே சொன்னதுதான். எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

ரஞ்சிதம்மா வரவில்லை, வேலை இல்லை. ஃபிளாஸ்க்கை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இடத்தை அடைக்கிறது. கழுவி வைத்தேன், நாற்றம் வரும் என்பதற்காக.

மார்ச் 18, செவ்வாய்

ஏகாம்பரம் போன் செய்தார். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். வீட்டுக் காலண்டரில் 'ஜெபா ஸ்டுடியோ' என்று எழுதியிருக்கிறதாம்.

"தம்பி, அந்தம்மாவுக்கு இன்னா ஆச்சு?"

"செத்துட்டாங்க சார்."

"அது தெரியும்பா. ஏன் பேச மாட்டேங்கிறாங்க?"

"ஸ்பெயின்காரன் வேண்டாம்னுட்டான்."

குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாலு நாளா மாத்திரை போடல."

"சார், போடச் சொன்னவங்க உங்க வீட்டு அடுப்படியிலதான நிக்காங்க? கேளுங்க."

"நான் மொதல்ல பேசணுமா?"

"ஆயுசு முழுக்க பஸ்ஸுல முகம் தெரியாதவங்ககிட்ட எல்லாம் பேசுனீங்கல்லா?"

"அது டூட்டி தம்பி. டூட்டின்னா வாய் தானா வரும். வூட்டுக்கு வந்தா இன்னா பேசுறதுன்னே தெரியாது. அதான் அதுவே பேசிக்கினு கெடக்கும், நான் கேட்டுக்கினு கெடப்பேன். இப்ப அதுவும் இல்ல. வூடு ஷெட்டுல நிக்கிற வண்டி மாரி கீது."

வைத்துவிட்டார். அரை மணி நேரம் வேலை கெட்டது.

கடைசி எபிசோடைப் போட்டுப் பார்த்தேன். மாளிகை விற்கப்படுகிறது. வாங்க வந்த கிழவர், டான் எமிலியோ, கைத்தடியோடு நுழைகிறார். மாடிப்படியில் ஓவியத்தைப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் வேலைக்காரியிடம் கேட்கிறார்: "யார் இந்த அம்மா?" அவள் சொல்கிறாள்: "இந்த வீட்டு எஜமானி. இறந்துட்டாங்க." அவ்வளவுதான் இருவருக்கும் வசனம்.

கிழவர் வேஷத்துக்கு வழக்கமாகக் கண்ணபிரான் சார் வருவார். வேலைக்காரிக்கு ஆள் இன்னும் முடிவாகவில்லை.

மார்ச் 22, சனி

கண்ணபிரான் சார் வரவில்லை. வர வேண்டாம் என்று யாரோ அவருக்குப் போன் செய்துவிட்டார்களாம்.

வேலைக்காரிக்கு ரஞ்சிதம்மாவை வரச் சொல்லியிருந்தேன். "உயிரோட இருக்கிற கேரக்டர்தான சார், ஸ்பெயின்காரன் என்ன சொல்ல முடியும்?" என்று சம்பந்தம் சாரிடம் சொன்னேன். ரஞ்சிதம்மா வந்து ஃபிளாஸ்க்கைத் திறந்து மோந்து பார்த்து, "யாரு கழுவுனது?" என்றார். தெரியாது என்றேன்.

"எமிலியோவுக்கு ஆள் எங்கடா?" என்று சம்பந்தம் சார் கத்திக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. ஏகாம்பரம். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. பாக்கெட்டில் விசில். டூட்டிக்கு வாங்க என்று நேற்று நான் போனில் கூப்பிட்டதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ரஞ்சிதம்மா எழுந்து நின்றார். பேசவில்லை. அவரும் பேசவில்லை. இரண்டு பேரையும் ஒரே மைக் முன்னால் நிறுத்தினேன். இன்னொரு மைக் ரிப்பேர் என்றேன்.

"சார், சிவப்பு லைட் எரிஞ்சதும் ஆரம்பிக்கணும். அந்தக் கிழவர் வாய் அசையுறப்ப 'யார் இந்த அம்மா?'ன்னு கேக்கணும். அவ்வளவுதான்."

லைட்டைப் போட்டேன். விசில் ஊதினார். மீட்டர் சிவப்பின் உச்சிக்குப் போய் நின்றது. என் காது இன்னும் சரியாகவில்லை.

விசிலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது டேக். "யாரு இந்தம்மா! படியில நிக்காத! உள்ள போ, உள்ள போ!" டான் எமிலியோவுக்குப் பின்னால் காலி மாளிகை.

"டேய், கண்ணபிரானுக்கு ஒரு ஆட்டோ அனுப்புடா" என்றார் சம்பந்தம் சார், தலையைப் பிடித்துக்கொண்டு.

"இன்னொண்ணு சார்."

மூன்றாவது. டான் எமிலியோ படியேறினார். ஓவியத்தைப் பார்த்தார். வாயைத் திறந்து கேட்டார், மூடினார். மைக்கில் சத்தமில்லை. ஏகாம்பரம் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் திரும்பியிருந்தார். டான் எமிலியோவின் வாய் நன்றாக மூடிய பிறகு அவர் சொன்னார்:

"எங்க வூட்டுக்காரி."

வேலைக்காரியின் வாய் அசைந்தது. ஒன்பது வயதிலிருந்து யாருடைய உதட்டையும் தவறவிடாதவர், தவறவிட்டார். வேலைக்காரி பேசி முடித்து, திரும்பி, கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அப்போது மைக்கில் அந்தத் தாழ்ந்த குரல் வந்தது. லேசாகக் கரகரப்பு.

"இங்கதான் இருக்கேன்."

"ஒன்ஸ் மோர் சொல்லுடா!" சம்பந்தம் சார் என் தோளை உலுக்கினார். "வீடு வாங்க வந்தவன் எப்படிடா புருஷன் ஆவான்? செத்தவ இங்கதான் இருக்கேன்னா ஸ்பெயின்காரன் என்னைக் கொன்னுருவான்டா!"

"பேசுனது வேலைக்காரி சார். அவ அங்கதான இருக்கா?"

"லிப் சிங்க்?"

சிங்க் சுத்தமாக இல்லை. இரண்டு ஃபிரேம் இல்லை, ஒரு வினாடிக்கு மேல் தப்பு. யார் வாயும் எந்த வார்த்தையோடும் சேரவில்லை.

"ஓகே" என்றேன்.

உள்ளே இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேசிவிட்டார்கள், அடுத்து என்ன என்று தெரியவில்லை. ரஞ்சிதம்மா மஃப்ளரை மடிக்க ஆரம்பித்தார். கிளம்பிவிடுவார், ஒருவர் பின்னால் ஒருவர் பஸ்ஸில் போய், மறுபடி வாயை மூடிக்கொள்வார்கள் என்று தோன்றியது. கண்ணாடிக்கு உள்ளே கேட்கிற மாதிரி டாக்பேக் பட்டனை அமுக்கினேன்.

"அம்மா, எழுப்பு டேக் பாக்கி."

"இன்னிக்கு யாரும் சாவலியேப்பா."

"ரூல்னா ரூல். ரெக்கார்ட் ஓடுது."

அவர் மைக்கைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் ஏகாம்பரம் கேட்டார்:

"வூட்டுல சாம்பார் இருக்குதா?"

"இல்ல. நேத்து வெச்ச ரசம்தான் கெடக்கு."

"ரசம் போதும்." கொஞ்சம் யோசித்தார். "எட்டு நாளா மாத்திரை போடல."

"தெரியும். அட்டைய எண்ணிப் பாத்தேன்."

"பாத்தியா? பாத்துக்கினு சும்மா இருந்தியா?"

"நீ சும்மா இல்லியா?"

"சரி, வா." பையைத் தோளில் மாட்டினார். "போலாம், ரைட்."

ட்ராக் பதினாறு. மியூட் செய்தேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

மார்ச் 28, வெள்ளி

மாலையில் ரஞ்சிதம்மா போன் செய்தார். ஃபிளாஸ்க்கை மறுபடி மறந்துவிட்டாராம். பின்னால் யாரோ ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், ஏதோ ஸ்டாப்பிங்கில் ஏறிய ஒரு கிராக்கியைப் பற்றி.

"யாரும்மா அது? டீவியா?"

"அவருதாம்பா. ஒரு வாரமா நிறுத்த மாட்டேங்கிறாரு. காது வலிக்குது."

எட்டு மணிக்கு அறையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செக்கு மாளிகை, கடைசி எபிசோடு. டான் எமிலியோ சாவியை வாங்கிக்கொண்டார். மாளிகைக் கதவு மூடியது. வயலின் உச்சத்துக்குப் போய் நின்றது. திரை கறுப்பானது. அந்த அமைதியில், தமிழ்நாடு முழுக்க, ஒரு கண்டக்டர் கேட்டார்: "வூட்டுல சாம்பார் இருக்குதா?"

கடைசி 'ரைட்' வரை முழுதாகப் போயிற்று.

சம்பந்தம் சார் போன் செய்தார். இந்த முறை எடுத்தேன். "ட்ராக் பதினாறு எப்படிடா வந்துச்சு?" என்றார். சாஃப்ட்வேர் கோளாறு என்றேன்.

கன்சோலுக்கு மேல் ஒட்டியிருந்த சீட்டு இப்போது இல்லை. கோந்து காய்ந்து தானாக விழுந்திருக்க வேண்டும்.